நின்ற இடத்து ஓட்டம்

தாம்பரத்து நண்பர் ஒருவரை முன்னிட்டே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. வங்கியொன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். தம் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நண்பர் என்றே குறிப்பிடுவோம். பல ஆண்டுகளாகச் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் விடியற்காலையில் நம்முடன் நடந்துவந்தவர். நடையைக் காட்டிலும் பேச்சே மிகுதி என்பதால் அதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாமா என்பது அவருடைய துணைவியாரின் நெடுநாள் ஐயம். ஒருநாள் கரையில் பாதித் தொலைவு வந்திருந்தபோது, நெஞ்சின்மேல் யாரோ அம்மிக்கல்லை வைத்தாற்போல் இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் பாரம் விலகிவிட்டது. எழுந்து நடந்து வீட்டுக்கும் போய்விட்டார். நடக்கும்போது வந்து, உட்கார்ந்தவுடன் போய்விடுகிற வலியைத்தான் அலட்சியம் செய்யக்கூடாது என்று பிறகு மருத்துவர் கடிந்துகொண்டாராம். மார்பில் கம்பிகளை ஒட்டி, டிரெட்மில்லில் ஏற்றி நடக்கவிட்டார்கள். மூன்றாம் கட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே இதய வரைபடம் கோணிற்று; இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். அடைப்பு, ஸ்டென்ட், ஆறு வார ஓய்வு என்று மற்றவை முறைப்படி நடந்தேறின.

வீடு திரும்பியவரைப் பார்க்கப் போயிருந்தோம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிச் செல்லும் பழைய வழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை. அவர் தம் நோயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்த மெஷின்ல ஏறி நடந்தப்ப எனக்குச் செக்குமாடு ஞாபகந்தாங்க வந்துச்சு. நடக்கிறேன் நடக்கிறேன், ஒரு எடத்துக்கும் போய்ச் சேரல. இதை யாருங்க, எதுக்குங்க கண்டுபிடிச்சாங்க? மில்லுன்னு வேற பேரு வெச்சிருக்காங்க. எதை அரைக்கிறதுக்கு?" என்று கேட்டார்.

அன்று நம்மிடம் விடையில்லை. பிறகு நூல்களைப் புரட்டியபோது, விளையாட்டாகச் சொன்ன அந்தச் செக்குமாட்டு உவமை வரலாற்றுக்கு எத்தனை அருகில் இருக்கிறது என்பதைக் கண்டு சற்றே திடுக்கிட்டோம்.

இடம் பெயராமல் மிதித்துக்கொண்டே இருக்கும் உழைப்பு நமக்குப் புதியதன்று. மின்சாரப் பம்புசெட்டு வருவதற்கு முன் செங்கற்பட்டுச் சீமையின் கிணற்றடிகளில் ஏற்றம் இருந்தது. நட்டுவைத்த மரத்தின்மேல் குறுக்கே நீண்ட துலா. அதன்மேல் ஓர் ஆள் பக்கத்து மூங்கிலைப் பற்றிக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார். அவருடைய உடல் எடையே துலாவைத் தாழ்த்தி உயர்த்தும். கீழே நிற்பவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். வெள்ளைக்கார அதிகாரிகள் பிக்கோட்டா என்று எழுதிவைத்தது இதைத்தான். காலையிலிருந்து உச்சிவரை ஒரு மனிதன் துலாவின்மேல் நடந்த தொலைவைக் கணக்கிட்டால் ஊர் விட்டு ஊர் போயிருப்பான். ஆனால் கிணற்றடியை விட்டு அகன்றிருக்கமாட்டான். இந்த உழைப்பில் நாம் கவனிக்க வேண்டியது அதன் பாட்டு. ஏற்றப்பாட்டு களைப்பு மறக்கப் பாடப்பட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். களைப்பு மறக்க மட்டுமன்று, எண்ணிக்கைக்காகவும் அது பாடப்பட்டது. எத்தனை சால் இறைத்தாயிற்று என்பதைப் பாட்டே எண்ணிக்கொண்டு வரும். மேலே நடப்பவரின் கால், கீழே நிற்பவரின் கை, இருவரின் மூச்சு ஆகிய மூன்றையும் ஒரே தாளத்தில் கட்டிவைத்ததும் அதுவே. கம்பர் வழியில் நின்று ஏற்றப்பாட்டைக் கேட்டு, பாடியவன் பாதியில் நிறுத்திவிட்டுப் போனதால் அடுத்த அடி என்னவாக இருக்குமென்று இரவெல்லாம் உறங்காமல் காத்திருந்தார் என்றொரு கதை உண்டு. கதையின் உண்மை எப்படியாயினும், களைத்தபோது இறைப்பவன் நிறுத்திவிட்டுப் போகலாம் என்பது அதில் இயல்பாகவே அடங்கியிருக்கிறது. அந்த உரிமை எல்லா மிதிப்புக்கும் வாய்க்கவில்லை.

இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் இருந்தார். ஆலைகள் அமைப்பதில் வல்லவர். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரச் சிறையில் கைதிகள் வெறுமனே பொழுதைக் கழித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென 1818ஆம் ஆண்டளவில் ஒரு சக்கரத்தை வடிவமைத்தார் என்பர். நீராலையின் சக்கரத்தைப் போன்றது, நீளமானது, சுற்றிலும் படிகள். கைதிகள் வரிசையாகக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிமேல் கால் வைப்பார்கள், படி கீழிறங்கும், அடுத்த படியில் கால் வைக்காவிட்டால் விழ நேரும். முடிவில்லாத மாடிப்படி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். 1821இல் லண்டனின் பிரிக்ஸ்டன் சிறையில் அது நிறுவப்பட்டதும் நாடெங்கும் பரவிற்று. தொடக்கத்தில் சில சிறைகளில் அச்சக்கரம் தானியம் அரைத்தது, நீர் இறைத்தது. மில் என்ற பெயர் அதனால் வந்தது. பிற்பாடு பல சிறைகளில் அதனோடு எந்த ஆலையும் இணைக்கப்படவில்லை. சக்கரம் காற்றை அரைத்தது. பயனற்ற வேலையாக இருப்பதே தண்டனையின் சாரம் என்று அதிகாரிகள் கருதினார்கள். நண்பரின் கேள்விக்கு இதுவே விடை: எதையும் அரைப்பதற்கன்று.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கைதி நாளொன்றுக்கு ஏறவேண்டிய உயரம் 8,640 அடி என்பது நியமமாக இருந்தது. நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், பரங்கிமலை ஏறத்தாழ 300 அடி உயரம். அதை ஒரே நாளில் 29 தடவை ஏறுவதற்குச் சமம். கஞ்சியும் ரொட்டியும் தின்றுவிட்டு. 1895இல் ஈராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்ட ஆஸ்கார் வைல்டும் பென்டன்வில் சிறையில் இச்சக்கரத்தில் ஏறியவர்களுள் ஒருவர். சிறையிலிருந்து மீண்டபின் மூன்றரை ஆண்டுகளே அவர் உயிரோடிருந்தார். 1898ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தை ஒட்டி இங்கிலாந்து தன் கைதிகளைச் சக்கரத்திலிருந்து இறக்கியது.

தன் கைதிகளை என்று சொன்னோம். நம்மவர் நிலை வேறு. மெக்காலே உறுப்பினராக இருந்த சிறை ஒழுங்குக் குழு 1838இலேயே, இந்தியக் கைதிகளைச் சாலைப் பணிக்கு வெளியே அனுப்பாமல், சுவருக்குள்ளேயே அலுப்பூட்டும் கடின வேலையில் ஈடுபடுத்த வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அலுப்பூட்டும் வேலைக்கு இங்கே புதிதாகச் சக்கரம் செய்ய வேண்டியதில்லை. செக்கு இருந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டு மனிதனைப் பூட்டினால் போதுமானது.

1908 ஜூலையில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலியில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது பின்னர்க் குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் முதலில் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றும் வேலை. கைத்தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர்ச் செக்கு. வழக்கறிஞர், கப்பல் கம்பெனி நடத்தியவர், நூலாசிரியர். அந்த உடம்பு அத்தகைய உழைப்புக்குப் பழகியதா, எத்தனை சுற்று தாங்கும் என்பதையெல்லாம் எவரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே தண்டனை. இங்கிலாந்து தன் சக்கரத்தைக் கைவிட்டுப் பத்தாண்டுகள் கழிந்திருந்த காலம் அது என்பதை நினைவில் வைக்கவேண்டும். தாம்பரத்தில் மின்ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கினால், காந்தி மண்டப வளாகத்தில் அவர் இழுத்த செக்கை இன்றும் காணலாம். அடுத்த முறை செல்பவர்கள் அதன் முன் ஒரு நிமிடம் நின்று, அந்தச் சுற்றுப்பாதையின் விட்டத்தை மனத்துக்குள் அளந்துபார்க்கட்டும்.

*

இனி, சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். மிதிசக்கரம் இங்கிலாந்தில் உச்சத்தில் இருந்த 1850களில் எட்வர்டு ஸ்மித் என்ற மருத்துவர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். லண்டனின் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறைக்குச் சென்று, மூச்சுக்காற்றை அளக்கும் கருவியை முகத்தில் கட்டிக்கொண்டு, தாமே சக்கரத்தில் ஏறி மிதித்தார். படுத்திருப்பவன் இழுக்கும் காற்றைப்போல் சுமார் ஐந்து மடங்கு காற்று சக்கரத்தில் ஏறுபவனுக்குத் தேவைப்படுவதாகக் கண்டார். உட்காருதல், நிற்றல், மெல்ல நடத்தல், விரைந்து நடத்தல் என ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துப் பட்டியலிட்டார். மனித உழைப்பை மூச்சினால் அளக்கலாம் என்று நிறுவிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

ஆனால் நம்மைப் பொறுத்தவரை அவர் கண்ட மற்றோர் உண்மையே முக்கியமானது. ஒரே சக்கரம், ஒரே வேகம், ஒரே நேரம். எனினும் பருத்தவனுக்கும் மெலிந்தவனுக்கும், நல்ல நுரையீரல் உள்ளவனுக்கும் இருமுகிறவனுக்கும் அது ஒரே உழைப்பாக இருப்பதில்லை. சட்டம் எல்லோருக்கும் சமமான தண்டனை வழங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தது. உடம்புகள் அதைச் சமமாக ஏற்கவில்லை என்று அவர் எடுத்துரைத்தார். இன்று உடற்பயிற்சிக் கூடத்தில் பக்கத்து இயந்திரத்தின் எண்ணைப் பார்த்துத் தம் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் ஒவ்வொருவரும் இந்த உண்மையை மறுபடியும் தம் முழங்காலால் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்மித் லண்டன் பிராம்ப்டன் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றியவர். இதை ஏன் சொல்கிறோம் என்றால், அதே பிராம்ப்டன் மருத்துவமனை ஃபிரிம்லி என்ற ஊரில் நடத்திய சானடோரியத்தில்தான் 1905 முதல் மார்க்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்கு உழைப்பை மருந்தைப்போல் அளந்து கொடுக்கத் தொடங்கினார். முதலில் நாளுக்கு அரை மைல் நடை. அது ஒத்துக்கொண்டால் சிறிது சிறிதாகக் கூட்டிப் பத்து மைல் வரை. பின்னர் மண் கூடை சுமத்தல், பிறகு மண்வெட்டி. உடல் வெப்பம் ஏறினால் அளவு மிகுந்துவிட்டதென்று பொருள், உடனே படுக்கை. அதற்கு அவர் சொன்ன நோய்த்தடுப்பு விளக்கம் காலத்தால் நிற்கவில்லை. ஆனால் சிறைச்சாலை கேட்காத கேள்வியை, உனக்கு எவ்வளவு தாங்கும் என்பதை, ஒவ்வொரு நோயாளியிடமும் ஒவ்வொரு நாளும் தெர்மாமீட்டரைக் கொண்டு கேட்ட முறை அது.

இங்கேதான் நம் தாம்பரம் கதைக்குள் நுழைகிறது. டாக்டர் சௌரி முத்து இங்கிலாந்தில், சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்திய தமிழர். கணிதமேதை இராமானுஜன் 1917இல் நோயுற்றபோது அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார் என்பது பலரும் அறிந்ததே. அந்தச் சௌரி முத்து தாயகம் திரும்பி, 1928இல் தாம்பரத்துக்கு அருகே சுமார் 250 ஏக்கர் நிலத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். திறந்த வெளி, காற்று, வெயில், ஊட்டமான உணவு, ஓய்வு, அளவான நடை என்பனவே அக்காலச் சானடோரிய மருத்துவம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இன்னும் வந்திருக்கவில்லை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937இல் சானடோரியத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் கிறித்தவக் கல்லூரியும் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. நல்ல காற்றுக்காக நாடிவரும் இடமாகத் தாம்பரம் இருந்த காலம் அது. ஜி.எஸ்.டி. சாலையில் இன்று நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். சானடோரியம் இப்போது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பழைய பெயர் ரயில் நிலையத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டிக்குள் "சானடோரியம் எறங்கணும், வழி விடுங்க" என்று இடித்துக்கொண்டு வருபவர்களுக்கு அச்சொல்லின் பொருள் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை.

ஓய்வைப் பற்றிய எண்ணம் மாறியதிலும் சென்னைக்குப் பங்குண்டு. 1956இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரைத் தத்தம் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். உணவு குறைவு, ஓய்வும் குறைவு. எனினும் குணமடைந்தவர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் வெளியான முடிவுகள் காட்டின. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். மருந்து சரியாக இருந்தால் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கத் தேவையில்லை.

இதய மருத்துவத்திலும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே திருப்பம் நிகழ்ந்தது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையவிடாமல் படுக்கவைப்பதே அதுவரை வழக்கம். 1952இல் பாஸ்டனில் லெவின், லோன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்து, அதனால் கேடு விளையவில்லை என்று எழுதினார்கள். அதே 1952இல் சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவரும் வேய்ன் குவின்டன் என்ற பொறியாளரும் சேர்ந்து மருத்துவமனைக்கு ஏற்ற டிரெட்மில் ஒன்றை உருவாக்கினார்கள். ஓடும் பட்டை அதற்கு முன்பே உண்டு. பெர்லினில் நாதன் சுன்ட்ஸ் 1889இல் குதிரைகளின் மூச்சை ஆராய ஒன்று அமைத்திருந்தார். ஹார்வர்டின் களைப்பு ஆய்வகத்தில் ஓட்டவீரர்கள் பெரும் பட்டைகளில் ஓடினார்கள். புரூஸ் செய்தது, நோயுற்ற இதயத்தை அதன்மேல் மெல்ல நடக்கவிட்டு, அது எந்தப் படியில் திணறுகிறது என்று வரைபடத்தில் பார்த்ததுதான். 1963இல் அவர் வகுத்தளித்த முறையே உலகெங்கும் பரவியது. நம் நண்பர் நடந்ததும் அதில்தான். மூன்று நிமிடத்துக்கு ஒரு கட்டம். முதற்கட்டத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 விழுக்காடு சரிவு. இரண்டாவதில் 4 கிலோமீட்டர், 12 விழுக்காடு. மூன்றாவதில் 5.5 கிலோமீட்டர், 14 விழுக்காடு. நான்காவதுக்கு நண்பர் போகவில்லை.

கவனித்தால், இது கியூபிட்டின் சக்கரத்தைத் தலைகீழாக்கிய ஏற்பாடு. அங்கே ஏறவேண்டிய உயரம் முன்கூட்டியே விதிக்கப்பட்டது. உடம்பு அதற்கு ஈடுகொடுக்கவேண்டும். இங்கே உடம்பு எங்கே போதும் என்கிறதோ அங்கே நிறுத்தி, அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். இந்தப் பரிசோதனையும் அறுதியானதன்று. இதில் தேறியவருக்கும் பின்னாளில் மாரடைப்பு வருவதுண்டு. தேறாதவருக்கு அடைப்பே இல்லாதிருப்பதும் உண்டு. அது மருத்துவர் கூட்டிக் கழித்துப் பார்க்கும் பல குறிப்புகளுள் ஒன்று.

வீட்டுக்கு டிரெட்மில் வந்த கதை சுருக்கமானது. கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் 1968இல் வெளியிட்ட ஏரோபிக்ஸ் நூல், எட்டு நிமிடத்தில் ஒரு மைல் ஓடுவதை வாரத்தில் நாலைந்து நாள் செய்யச் சொன்னது. அதைப் படித்த நியூஜெர்சிப் பொறியாளர் வில்லியம் ஸ்டாப், சாதாரண வீட்டில் வைக்கத்தக்க மலிவான டிரெட்மில்லைச் செய்தார். அவர் 2012இல் தம் 96ஆம் வயதில் காலமானார். முதுமையிலும் தம் இயந்திரத்தில் நடந்துகொண்டிருந்தாராம். சக்கரத்தை விற்பவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

*

நம் பக்கத்து வீடுகளில் அது நுழைந்தது கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில். மேடவாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று அடுக்குமாடிகள் எழ எழ, நடப்பதற்கான தெருக்கள் சுருங்கின. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீர். சித்திரையில் ஏழு மணிக்கே வெயில். மற்ற மாதங்களில் நாய்கள். ஆகவே பால்கனி ஓரத்தில் ஒரு டிரெட்மில். அவற்றுள் கணிசமானவற்றில் ஈரத்துண்டு காய்கிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

நாமும் வாங்கினோம். 2012ஆம் ஆண்டு, வெளிநாடு புறப்பட்ட அண்டைவீட்டார் ஒருவரிடமிருந்து பாதி விலைக்கு. அவர் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவார். பழைய எண் திரையில் நினைவாக நின்றிருந்தது. நாமும் அதையே அழுத்தினோம். அது மின்வெட்டுக் காலம் என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் மாலை மின்சாரம் நின்றது. பட்டை சட்டென்று நின்றது, நாம் நிற்கவில்லை. முகப்புப் பலகையில் நெஞ்சும், பட்டையில் முழங்காலும் மோதின. அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது. தவறு மின்வாரியத்தினுடையது என்று அன்று வீட்டில் வாதாடினோம். வேறொருவர் உடம்புக்கான எண்ணில் நாம் ஓடியதே தவறு என்று இன்று ஒப்புக்கொள்கிறோம். எட்வர்டு ஸ்மித்தை அப்போதே படித்திருக்கலாம்.

ஆகவே, மேற்படி வரலாற்றையும் தழும்பையும் ஆதாரமாகக் கொண்டு, ஏறப்போகிறவர்களுக்குச் சில செய்திகள். பட்டையின்மேல் நின்றுகொண்டு பொத்தானை அழுத்தலாகாது. இருபுறத்துத் திண்டுகளில் கால் வைத்து நின்று, பட்டை மெல்ல ஓடத் தொடங்கிய பிறகே இறங்கவேண்டும். சிவப்புக் கயிற்றின் முனையிலுள்ள கவ்வியைச் சட்டையில் மாட்டிக்கொள்ளவேண்டும். நாம் பின்னே சரிந்தால் கயிறு சாவியைப் பிடுங்கிப் பட்டையை நிறுத்திவிடும். பலர் அதை அலங்காரம் என்று எண்ணிக் கைப்பிடியில் சுற்றிவைத்திருக்கிறார்கள். வெறுங்காலுடன் ஏறக்கூடாது, சர்க்கரை நோயாளிகளுக்கு இது இருமடங்கு பொருந்தும், பாதத்தில் உணர்வு குன்றியிருந்தால் கொப்புளம் வந்தது கூடத் தெரியாது. ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வது நல்லது. முதல் ஐந்து நிமிடம் மெதுநடை. முடிக்கும்போதும் அப்படியே படிப்படியாகக் குறைக்கவேண்டும். ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றால் கால்களில் குருதி தேங்கித் தலை சுற்றும்; மயக்கமும் வரலாம்.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடப்பதைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். தடுமாறும்போது பிடிப்பது வேறு. எப்போதும் தொங்கிக்கொண்டே நடந்தால் உடலின் எடையில் ஒரு பகுதியைக் கைப்பிடி சுமக்கிறது. திரையில் எரிந்ததாகக் காட்டும் கலோரி முழுவதும் எரிந்திருக்காது. அந்தக் கலோரி எண்ணே ஓர் ஊகந்தான். நம் தசையின் அளவு இயந்திரத்துக்குத் தெரியாது. அதைக் காட்டிலும் நம்பத்தக்க அளவுகோல் பேச்சு. நடந்துகொண்டே முழு வாக்கியங்களைப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடும் பயிற்சி. பாட்டினால் உழைப்பை அளந்த ஏற்றக்காரருக்கு இதை நாம் சொல்லித்தரவேண்டியதில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி பெரியவர்களுக்குத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதை ஒரே நாளில் முடிக்கச் சொல்லவில்லை.

கூட்டுவதிலும் முறை வேண்டும். வேகம், சரிவு, நேரம் ஆகிய மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் சிறிதளவே கூட்டுவது முழங்காலுக்கும் குதிகால் நரம்புக்கும் நல்லது. ஓட ஆசையிருந்து, மூட்டு ஒத்துழைக்காதவர்கள் வேகத்தைக் குறைத்துச் சரிவை ஏற்றி நடந்தால் இதயத்துக்கு ஓட்டத்தின் பயன் பெரும்பாலும் கிடைத்துவிடும். மூட்டுக்கு அடி குறையும். ஓடக்கூடியவர்கள் இரண்டு நிமிடம் விரைவு, இரண்டு நிமிடம் மெதுவு என்று மாற்றி மாற்றிச் செய்தால் அலுப்பும் குறையும், பயனும் கூடும். வெளியே எதிர்காற்று உண்டு, டிரெட்மில்லில் இல்லை. அதை ஈடுகட்ட 1 விழுக்காடு சரிவு வைக்கவேண்டும் என்று பலரும் சொல்வார்கள். 1996இல் ஜோன்ஸ், டவ்ஸ்ட் என்ற இருவர் செய்த ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர்களுக்கே பொருந்தும். நம் போன்ற நடையாளர்கள் கவலைப்பட வேண்டாம். ஆனால் எதிர்காற்று இல்லாததற்கு மற்றொரு விளைவு உண்டு. வியர்வை உலராது. சென்னையின் புழுக்கத்தில், மூடிய அறையில், மின்விசிறியில்லாமல் ஓடுவது உடலை வீணே சூடேற்றும். விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இயந்திரத்தின் பின்னே சுவர் இருக்கக்கூடாது. வழுக்கினால் பட்டை ஆளைப் பின்னே தள்ளி, சுவருக்கும் தனக்கும் நடுவே சிக்கவைத்துத் தோலை உரித்துவிடும். ஆறடி இடமாவது வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், பயன்படுத்தாதபோது சாவியை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டு, மின்செருகியையும் பிடுங்கிவிடவேண்டும். 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் பெலோட்டன் நிறுவனம், ஒரு குழந்தை உயிரிழந்ததை அடுத்துத் தன் ஒரு வகை டிரெட்மில்களைச் சுமார் 1,25,000 அளவில் திரும்பப் பெற்றுக்கொண்டது. மின் இணைப்பில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துக்கொள்வது புறநகர் வீடுகளுக்கு இன்றியமையாதது. இன்வெர்ட்டரை நம்பி ஓடவேண்டாம்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, கண் இருட்டல் ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிடவேண்டும். நிறுத்தியவுடன் சரியாகிவிட்டது என்று மறுநாளும் ஏறக்கூடாது, மருத்துவரைப் பார்க்கவேண்டும். நாற்பதைத் தாண்டி, நெடுநாள் பயிற்சியில்லாமலிருந்து, சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் தொடங்கும் முன்பே பார்த்துவிடுவது நலம்.

நண்பரிடம் இவ்வரலாற்றைச் சொன்னபோது சௌரி முத்துவின் பகுதியைத்தான் மறுபடி சொல்லச் சொன்னார். அவருடைய தாய்மாமன் ஒருவர் அந்தச் சானடோரியத்தில் ஓராண்டு இருந்து மீண்டவராம். மரத்தடியில் நடக்கச் சொல்வார்கள், எத்தனை மரம் என்று எண்ணிக்கொண்டு வரவேண்டும் என்று மாமன் சொன்னதாக நினைவு.

இப்போது அவர் வீட்டிலும் ஒரு டிரெட்மில் இருக்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த தாள் முகப்புப் பலகைக்கு மேல் ஒட்டப்பட்டிருக்கிறது: மணிக்கு 4.5 கிலோமீட்டர், சரிவு 2, இருபத்தைந்து நிமிடம். சென்ற வாரம் போனபோது அவர் நடந்துகொண்டிருந்தார், விசிறி சுழன்றுகொண்டிருந்தது, சட்டையில் சிவப்புக் கயிறு. நம்மைப் பார்த்ததும் பேசத் தொடங்கினார். இருபத்தைந்து நிமிடமும் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கவில்லை என்பதை அவருடைய துணைவியார் சமையலறையிலிருந்தே கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.